நீர் வடியும் காலம்



பல்லாவரத்திற்கு மேற்கே, 2021-இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள் இன்று அடங்கியிருக்கும் திருநீர்மலைக்குத் திருமங்கையாழ்வார் எழுந்தருளிய போது, மலையை நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தது என்பது தலவரலாறு. மலை கண்ணெதிரே தெரிகிறது. மலைமேல் பெருமான் எழுந்தருளியிருப்பதும் ஐயமின்றித் தெரிகிறது. ஆனால் இடையே நீர். ஆழ்வார் திரும்பிச் செல்லவில்லை. அருகிலேயே தங்கினார். நீர் வடிய ஆறு மாதங்கள் ஆயின. அதுவரை காத்திருந்து, வடிந்த பின் மலையேறிப் பெருமானைக் கண்ணாரச் சேவித்து, பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தில் ஒரு முழுத் திருமொழியால் மங்களாசாஸனம் செய்தருளினார். அவர் தங்கிய இடம் திருமங்கையாழ்வார்புரம் என்று வழங்கலாயிற்று.

இந்த வரலாற்றைக் கேட்பவர் பெரும்பாலும் "ஆழ்வாரின் பக்தியே பக்தி" என்று வியந்து அப்பால் சென்றுவிடுவர். நின்று யோசித்தால்தான் இதன் வியப்பு முழுவதும் புலப்படும். காத்திருந்தவர் யார்? பொறுமைக்குப் பேர்போன ஒருவரா? இல்லை. ஆடல்மாக் குதிரையேறிப் போர்க்களம் கண்ட குறுநிலத் தலைவர் அவர். நாள்தோறும் 1,008 அடியார்களுக்கு அமுது படைக்க வேண்டும் என்று குமுதவல்லி நாச்சியார் விதித்த நிபந்தனையை நிறைவேற்றக் கைப்பொருள் போதாத போது, பொருள் வரும் காலம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, வழிப்பறியில் இறங்கினார். மணமகனாக வந்த எம்பெருமானையே வழிமறித்து, கழற்ற வராத அணிகலனைப் பல்லால் கடித்து வாங்க முயன்றவர் என்று குருபரம்பரை பேசும். அப்படிப்பட்டவர் ஆறு மாதம் ஓரிடத்தில் அமர்ந்தார்.

அதைவிடவும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. ஆழ்வாருக்குத் துணைவராக நால்வரைக் குருபரம்பரை குறிப்பிடுகிறது: நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலாவழக்கன். ஒவ்வொருவரின் ஆற்றலும் அவரவர் பெயரிலேயே விளங்கும். நீர்மேல் நடக்க வல்ல ஒருவனைப் பரிஜனமாகக் கொண்டவர், நீர் வடியும் வரை கரையில் அமர்ந்திருந்தார்! பொருள் ஈட்டுவதற்குப் பயன்பட்ட அந்தத் திறமை, பெருமானைச் சேவிப்பதற்கு ஏன் பயன்படவில்லை? தலவரலாறு இதற்கு விடை கூறவில்லை. ஆயினும் விடை தேடுவது குற்றமாகாது. பிறர் பொருளைத் திறமையால் பறித்து விடலாம். ஸேவை என்பதோ அவன் ஸாதிப்பது. "ஸேவை ஸாதித்தான்" என்றே வைஷ்ணவர்கள் சொல்வர். கொடுப்பவன் கையில் உள்ளதைக் கொடுக்கும் காலமும் அவன் கையில்தான் இருக்கும். பறிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஆழ்வார், பறிக்க இயலாத ஒன்று உண்டென்பதை அந்த நீர்க்கரையில் அனுபவித்திருக்க வேண்டும்.

காத்திருந்தவர் ஏறிச் சென்ற பின் கண்ட காட்சியும் பொருள் நிறைந்தது. திருநீர்மலையில் எம்பெருமான் நான்கு நிலைகளில் ஸேவை ஸாதிக்கிறான். அடிவாரத்தில் நீர்வண்ணனாக நின்ற திருக்கோலம். மலைமேல் சாந்த நரஸிம்ஹனாக வீற்றிருந்த திருக்கோலம், அரங்கநாதனாகக் கிடந்த திருக்கோலம், உலகளந்தானாக நடந்த திருக்கோலம். துன்பக் காலத்தில் மனிதன் காண்பது பெரும்பாலும் கிடந்த திருக்கோலம் ஒன்றையே. "பெருமாள் கண்ணை மூடிக்கொண்டு விட்டாரே!" என்னும் புலம்பல் எத்தனை வீடுகளில் எழுந்திருக்கிறது! தமிழ் அந்த உறக்கத்திற்கு அறிதுயில் என்று பெயரிட்டிருக்கிறது; அனைத்தையும் அறிந்தபடியே கொள்ளும் துயில். மூவடியில் உலகை அளந்து முடித்தவனும், பாம்பணையில் அசையாது கிடப்பவனும் இங்கே ஒரே மலையில், சில அடி தூரத்திற்குள் எழுந்தருளியிருக்கின்றனர். விரைவும் தாமதமும் வெவ்வேறு தெய்வத்தின் குணங்கள் அல்ல என்பது அங்கே கண்ணாலேயே தெரியும்.

ஆனால் ஆழ்வார் எங்கும் இவ்வாறே அமைதியாகக் காத்திருந்தாரோ என்றால், இல்லை. மயிலாடுதுறையை அடுத்த திருவிந்தளூருக்கு அவர் சென்றபோது ஸந்நிதி திருக்காப்பிட்டிருந்தது என்று ஐதிகம். அங்கே அவர் பாடிய திருமொழி முழுவதும் ஊடல். பெருமானைக் குற்றம் சாட்டும் பேச்சு. உரிமையோடு கூடிய சினம். நீர்மலையில் ஆறு மாதம் பொறுத்தவருக்கு இந்தளூரில் ஒரு பொழுது பொறுக்கவில்லை. இவ்விரண்டில் எது பக்தி என்று கேட்டால், இரண்டும் என்றே பெரியோர் கொண்டனர். இரண்டு திருமொழிகளையும் ஒரே பிரபந்தத்தில் வைத்து, ஒரே ஆதரத்தோடு அநுஸந்திக்கின்றனர். ஆகவே எம்பெருமானுடைய காலத்தை நம்புதல் என்பது வாய் மூடி இருத்தல் அன்று. வாய் திறந்து சண்டையிடுபவனும் அந்த வாசலிலேயே நின்றுதான் சண்டையிடுகிறான். வேறு வாசலுக்குப் போய்விடவில்லை.

ஸம்ப்ரதாயம் இதற்குச் சாஸ்திரீயமான இடமும் அளித்திருக்கிறது. சரணாகதி செய்தவர்களை இரு வகையாகப் பிரிப்பர். பிறவித் துயர் தாங்காமல் "இக்கணமே வேண்டும்" என்று துடிப்பவன் ஆர்த்தன். "இச்சரீரம் முடியும்போது கிட்டட்டும்" என்று ஆறியிருப்பவன் த்ருப்தன். ஆர்த்தனைப் பொறுமையற்றவன் என்று எந்த ஆசார்யரும் இகழவில்லை. அவனது துடிப்பையே பெருமையாகப் பேசினர். இருவருக்கும் பொதுவாக வேண்டப்படுவது மஹாவிச்வாஸம் ஒன்றே. அந்த விச்வாஸத்தின் வடிவம் "காப்பான்" என்று துணிதல். அச்சொல் எதிர்காலத்தைக் காட்டுகிறது. நாளையோ ஆண்டையோ காட்டவில்லை. நாள் குறித்துத் தரும் சொல்லாக அதை மாற்றிக்கொள்பவர்களுக்கே, அந்த நாள் கடந்த பின் நம்பிக்கையும் கடந்து போகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கரையில் நின்று சொல்வதற்கு எளிதான இக்கருத்து, நீரில் நிற்பவனிடம் சொல்லும்போது கொடுமையாகிவிடக் கூடும். அடையாற்றை ஒட்டிய தாம்பரம் வட்டாரத்தார் இதை நன்கு அறிவர். 2015 டிசம்பர் 1-ஆம் நாள் காலை தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும், பேரருளாளனின் பெயரையே தாங்கிய வரதராஜபுரத்திலும் வெள்ளம் வீடுகளின் முதல் தளத்தை மூழ்கடித்தது. திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் அடையாற்றில் வந்து கலந்து, கீழ்நோக்கிச் சென்ற வெள்ளம் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை வீடுகளைச் சூழ்ந்தது. மொட்டைமாடிகளில் கைக்குழந்தைகளோடும் முதியோரோடும் இரவெல்லாம் நனைந்தபடி நின்றவர்கள் பலர். ஆழ்வாரைப் போலவே அவர்களும் நீர் வடியக் காத்திருந்தனர். ஆனால் ஆழ்வார் தாமே விரும்பிக் காத்திருந்தார். இவர்களுக்கு வேறு வழியில்லை. அந்த இரவில் ஒருவர் வந்து "எல்லாம் பகவத் ஸங்கல்பம், பொறுத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், அது உபதேசமாகுமா?

அந்த வெள்ளத்தில் மனிதரின் பங்கும் இருந்தது. ஏரிகளும் அவற்றை ஒன்றோடொன்று இணைத்த கால்வாய்களும் பல பத்தாண்டுகளாகச் சுருங்கின. நீர் ஓடிய வழியில் தெருக்கள் எழுந்தன. வாழ்நாள் சேமிப்பை முதலாக்கி அங்கே மனை வாங்கிய எளியவர்களில் பலர் அந்நிலத்தின் பழைய வரலாற்றை அறிந்திருக்க வழியில்லை. மனிதரின் பேராசையும் அசிரத்தையும் விளைவித்ததை எம்பெருமான் தலையில் ஏற்றிவிட்டு, அதைத் தாங்குவதற்கு விச்வாஸம் என்று பெயரிடுவது அபசாரத்தின் எல்லையைத் தொடும். நீர் சூழ்ந்த மலைக்கு வந்த ஆழ்வார் நீருக்கு எட்டாத இடத்தில் தங்கினாரே அன்றி, நீர் நிற்கும் இடத்தில் குடில் அமைக்கவில்லை!

அன்று காப்பாற்ற வந்தவர்கள் யார்? படகுகளோடு வந்த மீனவர்கள், இராணுவத்தினர், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், பெயர் தெரியாத அக்கம்பக்கத்து இளைஞர்கள். "பகவானுடைய காலம்" பல நேரங்களில் இன்னொரு மனிதனின் கையாகவே வந்து சேர்கிறது. அசோகவனத்தில் பிராட்டி உயிரையே விட்டுவிடலாம் என்னும் நிலைக்கு வந்தபோது, திருவடி ஏற்கெனவே தலைக்கு மேலே சிம்சுபா மரத்தில் அமர்ந்திருந்தான். உடனே பேசினால் இராவணனின் மாயை என்று அஞ்சிவிடுவாளோ, எந்த மொழியில் பேசினால் நம்புவாள் என்றெல்லாம் எண்ணி எண்ணித் தாமதித்தான். பிராட்டி அறிந்தது நிசப்தத்தை மட்டுமே. அந்த நிசப்தத்திற்குள் அவள்மீது கொண்ட கரிசனம் இருந்தது. உதவச் செல்லும் ஒவ்வொருவரும் ஆஞ்சநேயனின் அந்தத் தயக்கத்தைக் கற்றுக்கொண்டால் நன்று; துயருற்றவரிடம் எதைச் சொல்வது என்பதைப் போலவே, எப்போது சொல்வது என்பதும் கைங்கர்யத்தின் பகுதியே.

ஆனால் எல்லோருக்கும் மரத்தின்மேல் ஆஞ்சநேயன் இருந்தானா? இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு விச்வாஸத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. தாம்பரத்தில் அதற்கு ஒரு சாட்சி ரயில் நிலையத்தின் பெயராகவே நிற்கிறது. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியத்தை நிறுவினார். அந்நாளில் அந்நோய்க்கு மருந்து இல்லை. தூய காற்று, நல்ல ஆகாரம், ஓய்வு. அதாவது காத்திருத்தலே சிகிச்சை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி, வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டாலும் சானடோரியத்தில் தங்கியதற்கு ஒப்பான குணம் கிட்டும் என்று உலகுக்குக் காட்டியது. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும் என்கின்றனர். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிட்டதென்று பாதியில் நிறுத்துபவர்களால் மருத்துவர்கள் படும் பாடு வேறு கதை. ஆயின் மருந்து வருமுன், 1930-களில் அந்த மரநிழல்களில் படுத்திருந்து மறைந்தவர்கள்? அவர்களும் ஏதோ ஒரு தெய்வத்தை அழைத்திருப்பார்கள் அன்றோ? "காலம் வரும்" என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. காலம் வந்தது; அவர்கள் இல்லை.

இதற்கு எளிய விடை கிடையாது. எளிய விடை சொல்பவர்களை ஐயத்தோடு பார்ப்பதே நன்று. ஆனால் வைஷ்ணவ ஸம்ப்ரதாயம் இக்கேள்வியைத் தன் சொந்த வீட்டிலேயே சந்தித்திருக்கிறது. 1323-இல் டில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, நூறு வயதைக் கடந்திருந்த பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு சிறு குழுவோடு தெற்கே புறப்பட்டார். காடும் மேடுமான வழி. மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில், இன்றைய கொடிக்குளத்தில், அவர் திருமேனி தளர்ந்து பரமபதித்தார். பெருமாள் திருவரங்கம் திரும்பியதை அவர் காணவில்லை. கோபணாரியர் முயற்சியால் நம்பெருமாள் திரும்ப எழுந்தருளியது 1371-இல். இடைப்பட்டவை 48 ஆண்டுகள்.

தத்த்வத்ரயம் என்னும் நூலை அருளிச்செய்தவர் இந்த லோகாசாரியரே. அதில் காலத்தை அசித்தின் வகையில், ஸத்வசூன்யம் என்று அவர் வைத்தார். காலம் அறிவற்ற பொருள். அதற்கு இரக்கமும் இல்லை, பகையும் இல்லை. "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" என்னும் உலக வழக்கை அவர் அப்படியே ஒப்பமாட்டார். காலத்தைச் சரீரமாகக் கொண்டவன் ஆற்றவேண்டும். இவ்வளவும் தெளிந்திருந்தவர் தம் கடைசி நாட்களில் செய்தது யாது? பெருமாள் எப்போது திரும்புவார் என்று அவர் கணக்கிட்டதாகச் செய்தியில்லை. ராஜாங்க காரியத்தில் அமர்ந்திருந்த திருமலையாழ்வாரை மீண்டும் ஸம்ப்ரதாயத்திற்கு அழைத்து வரும்படி சிஷ்யர்களுக்கு நியமித்தார். அவரே திருவாய்மொழிப் பிள்ளை ஆனார். அவருடைய சிஷ்யர் மணவாள மாமுனிகள். நம்பெருமாள் திரும்புவதற்கு ஓராண்டு முன்னர், 1370-இல் மாமுனிகளின் அவதாரம். லோகாசாரியர் தம் கண்ணுக்கு எட்டாத ஒரு காலத்திற்கு வேண்டியதை ஒழுங்கு செய்துவிட்டே சென்றார்.

திரும்பிய நாளில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது என்று கோயிலொழுகு கூறும். இடைக்காலத்தில் வேறொரு திருமேனியை எழுந்தருளப் பண்ணி ஆராதித்து வந்தனர். இருவரில் பழைய பெருமாள் யார் என்று சொல்ல, நேரில் சேவித்திருந்தவர்கள் எவரும் எஞ்சவில்லை. கடைசியில் ஒரு முதிய வண்ணாரைத் தேடி அழைத்து வந்தனர். அவருக்குக் கண் பார்வையும் போயிருந்தது. முன்னாளில் பெருமாளின் ஈரவாடைத் தீர்த்தத்தைப் பெற்று வந்தவர் அவர். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, அந்த ஈரவாடைத் தீர்த்தங்களை அவரிடம் கொடுத்தனர். வந்தவரின் தீர்த்தத்தை ஏற்றதும் அவர் "இவரே நம்பெருமாள்" என்று கூவினாராம். மஹாசார்யர் காணாததை, கண்ணில்லாத ஒரு தொழிலாளி கண்டுகொண்டார். லோகாசாரியரின் விச்வாஸம் குறைந்தது என்றோ, வண்ணாரின் விச்வாஸம் உயர்ந்தது என்றோ எவரும் கூறத் துணியார். ஒருவருக்கு எடுத்துச் செல்லும் கைங்கர்யம் வாய்த்தது. மற்றவருக்கு அடையாளம் காட்டும் கைங்கர்யம்.

தாம்பரத்திலிருந்து கிழக்கே கடற்கரைச் சாலையை அடைந்து, கோவளம் கடந்து மாமல்லபுரத்தை நோக்கிச் சென்றால் திருவிடந்தை வரும். காலவ மஹரிஷிக்கு 360 பெண்கள். பிரம்மசாரியாக வந்த எம்பெருமான் நாள் ஒருத்தியாக அவர்களை மணந்து, இறுதி நாளில் அனைவரையும் ஒருத்தியாக்கித் தன் இடப்பக்கத்தில் ஏற்றுக்கொண்டான்; அதனால் அவன் நித்யகல்யாணப் பெருமாள். கதை கேட்பவர்களின் மனம் முதல் நாள் திருமணத்தில் நின்றுவிடும். முந்நூற்று அறுபதாவது பெண்ணை நினைப்பவர் அரியர். தமக்கையர் ஒவ்வொருவராகக் கழுத்தில் மாலையேறிச் செல்ல, அவள் ஓராண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் அவன் வந்தான். ஒவ்வொரு நாளும் வேறொருத்திக்காக வந்தான். நித்யகல்யாணம் என்று ஊரார் கொண்டாடியது, அவளுக்கு 359 நாட்கள் பிறர் கல்யாணமாகவே இருந்திருக்கும்.

இத்திருத்தலத்திற்கும் திருமங்கையாழ்வார் ஒரு திருமொழி அருளியிருக்கிறார். அங்கே அவர் தாமாகப் பேசவில்லை, தாயாகிப் பேசுகிறார். மெலிந்து போன மகளின் நிலைமையை எடுத்துரைத்து, இவள் விஷயத்தில் உன் திருவுள்ளம் யாது என்று இடவெந்தைப் பெருமானையே கேட்கும் பாவனையில் அமைந்தது அது. கேள்விக்குத் திருமொழியில் விடை வருவதில்லை. கேள்வியாகவே அது பெரிய திருமொழியில் இடம் பெற்று, இன்றளவும் அநுஸந்திக்கப்படுகிறது.

திருமணம் தடைப்படும் வீட்டார் தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரிப் பக்கங்களிலிருந்தெல்லாம் அங்கே செல்கின்றனர். அர்ச்சனை செய்து பெற்ற மாலையைக் கழுத்தில் அணிந்து ஒன்பது முறை பிரதக்ஷிணம் வந்து, அதை வீட்டிற்கு எடுத்துச் சென்று பூஜையறையில் வைக்கின்றனர். திருமணம் ஆனபின் தம்பதியாக வந்து, அந்தப் பழைய மாலையைக் கோயிலில் சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். சில வீடுகளில் மாலை ஒரு மாதத்தில் திரும்பிப் போகிறது. சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. பூ உதிர்ந்து நார் மட்டும் எஞ்சும். வெள்ளிக்கிழமை பூஜையறையைத் துடைக்கும் தாய் அதை மெல்ல எடுத்து, தூசி தட்டி, இருந்த இடத்திலேயே மறுபடி மாட்டி வைக்கிறாள்.